மூடி போட்ட வீடு

என் மனைவிக்குக் கோபம் வராத நாள் ஒன்று உண்டென்றால், அன்று அவளுக்குக் காய்ச்சலாக இருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் அவசரப் பிரிவில் அவள் நர்ஸ். கல்யாணமான புதிதில், வேலை பார்க்கிற இடத்துக் கோபத்தைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வா என்று சொல்லிப் பார்த்தேன். "செருப்பு போட்ட எடத்துல கெடக்கும். கோபம் பின்னாலயே வருதே, நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். அதற்கப்புறம் நான் வாயைத் திறப்பதில்லை. மகளும் வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டாள். வீட்டில் திட்டு வாங்க இப்போது மிச்சம் இருப்பது நான் ஒருவன்தான்.

அவள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பினாயிலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பார்கள், குழந்தை எடுத்துக் குடித்துவிடும். கொதிக்கிற பாத்திரத்தைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் போனில் பேசிக்கொண்டிருப்பார்கள், குழந்தை அதில் கையை விட்டுவிடும். தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "எங்க விதி சிஸ்டர்" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள். இவளுக்கு அந்த ஒரு சொல்லைக் கேட்டால் ஆகாது. "பாட்டில்ல பினாயில ஊத்துனது விதியா, நீங்களா?" என்று கேட்டுவிடுவாள். கேட்ட பிறகு, இப்படியா பேசுவது என்று தன்மேலேயே எரிச்சல்படுவாள். அந்த எரிச்சல் சாயங்காலம் எனக்கு வந்து சேரும்.

எல்லாவற்றையும்விட அவளை உலுக்கியது தண்ணீர் டிரம்தான். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாளைவிட வராத நாள்தான் அதிகம். அதனால் எல்லா வீட்டுச் சமையலறையிலும் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு நீல டிரம் நிற்கும். பக்கத்தில் ஒரு முக்காலியோ துணி மூட்டையோ இருந்தால் போதும், நடக்கப் பழகிய குழந்தை அதில் ஏறித் தண்ணீரை எட்டிப் பார்க்கும். தலைதான் கனம் அந்த வயதில். ஒரு சத்தமும் வராது. அப்படி உயிரில்லாமல் வந்த ஒரு குழந்தையை அவள் தன் கையால் துடைத்து அனுப்பிய அன்று வீட்டில் திட்டுகூட விழவில்லை. அது எனக்குத் திட்டைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் நேராகப் பெரிய டாக்டரிடம் போயிருக்கிறாள். குழந்தைகள் பிரிவுக்குத் தலைவர் அவர். "வந்து சேந்தப்புறம் வைத்தியம் பாக்க இவ்ளோ பெரிய கட்டடம் இருக்கு சார். வராம தடுக்கறதுக்கு ஒரு நாற்காலிகூட இல்லயே" என்றாளாம். நல்ல மனிதர். ஒரு நாற்காலி கேட்டதற்கு, உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த அறையையே ஒழித்துக் கொடுத்தார். டிரம்முக்கு மூடி செய்யவும் ஏற்பாடு செய்தார். ஒரு கையால் கொக்கியை அழுத்திக்கொண்டு மறு கையால் திருகினால்தான் திறக்கும், குழந்தையால் முடியாது. கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று மஞ்சள் நிறம், நடுவில் ஆஸ்பத்திரி முத்திரை. நான் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மூடிகளை வீடு வீடாகக் கொண்டுபோகிற சவாரி எனக்கு வந்தது. மனைவியே முதலாளியம்மா ஆன கொடுமையை யாரிடம் சொல்வது!

யாருக்கு மூடி என்பதில்தான் ஆஸ்பத்திரி ஒரு விதி போட்டது. அடிபட்டோ சுட்டுக்கொண்டோ விழுந்தோ ஆஸ்பத்திரிக்கு வருகிற குழந்தையின் வீட்டுக்கு மட்டும். காரணம் இரண்டு. இருக்கிற மூடிகளைத் தேவைப்பட்ட இடத்தில் கொடுப்போம் என்பது ஒன்று. மூடி மாட்டப் போகிற சாக்கில் வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம் என்பது இன்னொன்று. தானாக விழுகிற குழந்தைக்கு நெற்றியில் அடிபடும், முட்டியில் சிராய்க்கும். காதுக்குப் பின்னால் கன்றிப் போய் வந்தால், அதற்கு வேறு கதை இருக்கும். அந்தக் கதையை ஆஸ்பத்திரியில் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போய், டிரம்மைச் சுற்றி உட்கார்ந்து, மூடியைத் திருகிக்கொண்டே பேசினால் தானாக வரும் என்று டாக்டர் நினைத்தார். இவளும் நினைத்தாள்.

அவர்கள் நினைத்ததும் பலித்தது. ஒரு வீட்டில் இவள் மூடி மாட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே அந்த வீட்டு ஆம்பளையின் பைக் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், விளையாடிக்கொண்டிருந்த சிறு பையன் கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டான். இவள் கொக்கியை மாட்டி முடித்தாள், சிரித்துப் பேசினாள், கிளம்பி வந்தாள். பிறகு ஆஸ்பத்திரி மூலமாக, குழந்தைகள் நல அதிகாரிகள் போலீஸோடு போய் விசாரித்தார்கள். பையனும் அம்மாவும் இப்போது அந்த அம்மாவின் தங்கை வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ஆள் கேஸுக்கு அலைகிறான். நல்ல காரியம்தானே? நானும் அப்படித்தான் சந்தோஷப்பட்டேன்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது. போலீஸ் வந்த வீட்டில் மஞ்சள் மூடி இருந்ததைத் தெருவே பார்த்திருக்கிறது. அடுத்த வாரத்திலிருந்து பேச்சு மாறிவிட்டது. மூடி போட்ட வீடு என்றால் பிள்ளையை அடிக்கிற வீடு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? டிரம் வாயை மூடக் கொண்டுபோன மூடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஒரு வீட்டில் அதைக் கவிழ்த்துப் போட்டுக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் கோழிக் கூண்டுக்குக் கதவு. கோழிக்குஞ்சு ஒன்றுகூடத் தண்ணீரில் விழாமல் பத்திரமாக இருந்தது! கேட்டால், "கழுவி வெச்சிருக்கோம் சிஸ்டர், நாளைக்கு மாட்டிடுவோம்" என்பார்கள். பேசாமல் மூடிக்கு வேறு நிறம் அடித்துவிடேன் என்றேன். "அப்ப பச்சை மூடி வீடும்பாங்க. மூளைய வண்டியிலயே வெச்சுட்டு வந்தீங்களா?" என்றாள்.

தையல்காரப் பெண் வீட்டுக்கு நாங்கள் போனது இந்தச் சமயத்தில்தான். மாடியில் ஒற்றை அறை, அதை ஒட்டி ஒரு சமையல் தடுப்பு. கணவன் கட்டட வேலைக்கு வெளியூர் போயிருந்தான். தைத்துத்தான் அவள் சாப்பாடு. அவளுடைய பெண் குழந்தைக்கு நடை வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, தெருவில் எல்லாருமே அதைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். டீ டம்ளரைத் தட்டிவிட்டுக் காலைச் சுட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தது. அடியும் இல்லை, உதையும் இல்லை. அந்தப் பெண் குழந்தையைப் பார்க்கிற பார்வையிலேயே அது தெரியும். மூடியைச் சந்தோஷமாக வாங்கி மாட்டிக்கொண்டாள்.

கால் புண் ஆறியதா என்று பார்க்க இவள் மறுபடி போனபோது டிரம் திறந்து கிடந்தது. பக்கத்திலேயே துணி மூட்டை. பட்டாசு அந்த மூட்டையில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது.

"மூடி எங்கம்மா?" என்றாள் இவள்.

"எடுத்துட்டேன்க்கா."

"ஏன்?"

"துணி வாங்க வர்றவங்க எல்லாம் அத பாக்குறாங்க. அப்புறம் கொழந்த கால பாக்குறாங்க. ஒண்ணும் கேக்கறதில்ல. ஆனா திரும்ப வர்றதும் இல்ல."

"அவங்க வரலைன்னா போறாங்க. கொழந்த விழுந்தா?"

"நான் பாத்துக்கறேன்க்கா. கூடவேதான இருக்கேன்."

"எல்லாரும் கூடவேதான் இருந்தாங்க! கூடவே இருந்தவங்க பிள்ளைதான் எங்க வார்டு முழுக்கக் கெடக்குது!"

நான் கீழே வண்டியில் இருந்தேன். இவள் குரல் அங்கே வரைக்கும் கேட்டது. மூடியை மாட்டவில்லை என்றால் அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாள். அந்தப் பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாள். வண்டியில் வந்து உட்கார்ந்த இவள் முகத்தைப் பார்த்து நான் சாவியைக்கூட மெதுவாகத்தான் திருகினேன். கொஞ்ச தூரம் போனதும், "அவமேல தப்பில்லங்க" என்றாள். "அடிபட்ட வீட்டுக்கு மட்டும் மூடின்னு விதி போட்டது நாங்க. அந்த வீட்டுக்குச் சூடு போட்டு விட்ட மாதிரி ஆக்கினதும் நாங்கதான்."

அன்றே போய்ப் பெரிய டாக்டரிடம் கேட்டாள். பிரசவ வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிற எல்லாக் குழந்தைக்கும் ஒரு மூடி கொடுப்போம், ஏழை பணக்காரன் பார்க்க வேண்டாம் என்று. எல்லா வீட்டிலும் இருந்தால் எந்த வீட்டையும் ஊர் பேசாது. "நல்ல யோசனைதான் சிஸ்டர். ஆனா எல்லாருக்கும் எதுக்கு? விவரம் தெரிஞ்ச வீடுகள்ல தேவைப்படாதே" என்றார். விவரம் தெரிந்த வீடு என்றால் எது என்று கேட்டதற்கு, அவர் கடிகாரத்தைப் பார்த்தாராம்.

சரி, நம்மிடமிருந்தே தொடங்குவோம் என்று இவள் வார்டில் இறங்கினாள். சின்னக் குழந்தை இருக்கிற ஊழியர்கள் எல்லாரிடமும் ஒரு மூடியை நீட்டினாள். தலைமை நர்ஸ், "எங்க வீட்டுல யாரு யாரை அடிக்கிறா?" என்று கோபித்துக்கொண்டார். எக்ஸ்ரே எடுக்கிறவர், அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்றார். மருந்து கொடுக்கிற தம்பிக்குத் தவழுகிற குழந்தை இருக்கிறது. அவன் மட்டும் வாங்கிக்கொள்கிறேன் என்றான். ஆனால் நடுவில் இருக்கிற ஆஸ்பத்திரி முத்திரையைச் சுரண்டிக் கொடுக்க வேண்டுமாம். ஊருக்குத்தான் உபதேசம்! அத்தனை பேரும் படித்தவர்கள், அத்தனை பேரும் மூடியின் அருமையை ஊரெல்லாம் போய்ச் சொன்னவர்கள். எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. இவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

கோபத்தில் ஒரு மூடியை எங்கள் வீட்டு டிரம்மில் மாட்டி, டிரம்மை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "என்னண்ணே, உங்க வீட்டுல யாரு அடி வாங்குறது?" என்றார். "பாத்தா தெரியலையா?" என்று என் கன்னத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

அந்த வாரமே அது நடந்துவிட்டது. தையல்காரப் பெண்ணின் தெருவில் ஒரு கடைக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து ஒரு அலறல். அந்தப் பெண் படியில் ஓடிவருகிறாள், கையில் பட்டாசு. சொட்டச் சொட்ட நனைந்து, உதடு நீலம் பாய்ந்து, கை தொங்கிக்கொண்டிருக்கிறது. துணி வாங்க வந்தவள் டிரம்முக்கு வெளியே இரண்டு கால் தெரிவதைப் பார்த்து இழுத்துப் போட்டிருக்கிறாள். வண்டியில் ஏற்றுவதற்குள் குழந்தை இருமி, தண்ணீரைக் கக்கி, ஈனமாக ஒரு மூச்சு இழுத்தது.

"அண்ணே, பாலம் தாண்டி ஒரு கிளினிக் இருக்கு, அங்க போங்க."

"பைத்தியமா? பெரிய ஆஸ்பத்திரி இந்தா இருக்கு."

"அங்க வேணாம்ணே! அங்க கேள்வி கேப்பாங்க. பிள்ளைய புடுங்கிக்குவாங்க. உங்க கால்ல விழறேன், பாலத்துக்குப் போங்க!"

பாலம் தாண்ட அந்த நேரத்து நெரிசலில் எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், முதுகில் குத்தினாள். நான் ஆஸ்பத்திரி வாசலுக்குள்தான் வண்டியைத் திருப்பினேன். என் மனைவிதான் குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஆஸ்பத்திரிக்குப் பயந்து ஒரு தாய் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போகப் பார்த்தாளே, இந்த வெட்கக்கேட்டை எங்கே கொண்டு போய்ச் சொல்வது?

பட்டாசு பிழைத்துக்கொண்டது. இரண்டாம் நாள் ஊசி போட வந்தவளை எட்டி உதைத்தது என்று கேட்டபோதுதான் எனக்குச் சோறு இறங்கியது.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. மூடி கொடுத்தும் கழற்றிப் போட்ட தாய் என்று அதிகாரிகளுக்கு எழுதத்தான் வேண்டும், விதி அப்படி என்றார் பெரிய டாக்டர். இவள் அவர் அறையில் போய் நின்றாள். அங்கே நடந்ததை அவளே சொன்னாள்.

"எழுதுங்க சார். ஆனா அந்தப் பொண்ணு ஏன் கழட்டினான்னும் எழுதுங்க. என்னைத் தவிர நம்ம வார்டுல ஒருத்தர் வீட்டுலகூட அந்த மூடி இல்லன்னு சேத்து எழுதுங்க."

"சிஸ்டர், அது வேற இது வேற."

"உங்க வீட்டுல பேரன் தவழுறான். பின்னால தண்ணி டிரம் இருக்கு. மூடி இருக்கா சார்?"

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "கொண்டு வந்து மாட்டுங்க" என்றார். எழுதுவதையும் நிறுத்தி வைத்தார். சொன்னேனே, நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களை அசைப்பதற்குள் நமக்கு நரை விழுந்துவிடுகிறது, அதுதான் எரிச்சல்.

குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிற அன்று, மூடியை மறுபடி மாட்டுவாயா என்று இவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அவள் குழந்தையின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்: "மாட்டணும்னு எனக்கும் தெரியும்க்கா. இப்ப அதையும் மாட்டினா, ஆமா, இவதான் பிள்ளைய தள்ளிவிட்டான்னு முடிவே பண்ணிடுவாங்க. பெரிய வீட்டுல ஒண்ணு இருந்தா நானும் சொல்லிக்குவேன், டாக்டர் வீட்டுலயே இருக்குன்னு."

"வா. உன் கண்ணால பாரு" என்றாள் இவள்.

அப்படித்தான் நாங்கள் டாக்டர் வீட்டுக்குப் போனோம். முன்னால் நான், பக்கத்தில் பட்டாசை மடியில் வைத்துக்கொண்டு தையல்காரப் பெண், பின்னால் மூடியைப் பிடித்துக்கொண்டு என் மனைவி. அகலமான தெரு, உயரமான மதில்கள், ஒரு ஈ காக்கை இல்லை. டாக்டரின் மனைவி கேட்டைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார். மரியாதையான அம்மாதான். "வாங்க சிஸ்டர், சார் சொன்னார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. பின்பக்கமா ஒரு சந்து இருக்கு. அப்படிக் கொண்டு வந்துடுங்களேன். இங்க எல்லாரும் பாப்பாங்க" என்றார்.

தையல்காரப் பெண் என்னைப் பார்த்தாள்.

என் மனைவி வண்டியிலிருந்து இறங்கினாள். பின்னால் சந்துக்குப் போகவில்லை. மூடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம், "ஹாரன் அடிங்க" என்றாள்.

"என்னது?"

"அடிங்கன்னா அடிங்க!"

அடித்தேன். என் வண்டி ஹாரன் தெரு நாய்க்கே பிடிக்காத ரகம். ஜன்னல்கள் திறந்தன. மாடிகளில் ஆள் வந்து நின்றார்கள். எதிர் வீட்டு அம்மா, என்ன அது என்று கேட்டார். "டாக்டர் வீட்டுக்கு மூடி மாட்ட வந்திருக்கோம்மா. கொழந்த தண்ணியில விழாம இருக்க" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "இங்கயும் கொழந்த இருக்கா? உங்களுக்கும் ஒண்ணு கொண்டு வரட்டுமா?" டாக்டர் மனைவி முகம் சிவந்துபோய்க் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார். முன்வாசல் வழியாகத்தான் போனோம். தையல்காரப் பெண்ணும் குழந்தையோடு கூடவே உள்ளே வந்து, கொக்கி மாட்டுகிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

எல்லாக் குழந்தைக்கும் மூடி என்ற யோசனையைப் பற்றி ஆஸ்பத்திரி இன்னும் கூடிக் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு முடிவதற்குள் இப்போது தவழுகிற பிள்ளைகள் பள்ளிக்கூடமே போய்விடும்.

போன வாரம் அந்தத் தெரு வழியாக வந்தோம். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு இவள் மட்டும் மாடி ஏறினாள். திரும்பி வந்தபோது முகம் கடுகடுவென்று இருந்தது.

"கழட்டிட்டாளா?" என்றேன்.

"இல்ல, மாட்டித்தான் இருக்கு. இழுத்துப் பாத்தேன், கொக்கி பூட்டியிருக்கு."

"அப்புறம் என்ன?"

"மேல ஒரு துணியைத் தெச்சுப் போட்டிருக்கா. பூப்போட்ட துணி, ஓரமெல்லாம் மடிச்சு, அழகா. மஞ்சள் துளிகூடத் தெரியல."

"தெரியாட்டி என்ன? கொழந்த பத்திரமா இருக்குல்ல?"

"அவ கொழந்த பத்திரமாதான் இருக்கு" என்று வண்டிக் கதவை அறைந்து சாத்தினாள். "அடுத்த வீட்டுல ஒண்ணு தவழுதுங்க. அங்க டிரம் திறந்து கெடக்கு."